வெள்ளையைக் கண்டதும் எழுதாதீர்கள்: பவளப்பாறைக் கண்காணிப்பில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒருமுறை நாற்பது நிமிடம் தண்ணீரில் கிடந்து, பதினேழு பவளங்களுக்கு நேரே "வெளிறல்" என்று, அதாவது சூட்டில் நிறம் இழந்தவை என்று, எழுதிக்கொண்டு மேலே வந்தேன். கடல் சூடேறியிருந்த மாதம் அது. எதிர்பார்த்தது கண்ணில் பட்டுவிட்ட திருப்தி வேறு. மூன்றாம் நாள் கூட வந்த ஒருவர் அதே இடத்தில் ஒரு கிளைப் பவளத்தின் அடியைச் சுட்டிக் காட்டினார். கிளை இடுக்கில், சுண்டுவிரல் நுனி அளவில், பாசி பூசிக்கொண்டு கல்லோடு கல்லாக நத்தைகள் ஒட்டியிருந்தன. பதினேழில் பதினொன்று நத்தை தின்ற தடம். சூட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஸ்லேட்டில் காரணத்தை எழுதுவதில்லை, கண்டதை மட்டும் எழுதுகிறேன். காரணம் கரைக்கு வந்தபின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது வரட்டும். கீழே உள்ளதெல்லாம் ஏறக்குறைய பத்து மீட்டருக்குள் இருக்கும் பாறைகளுக்கானது. பாறை மேல் கோடாக விரிக்க ஒரு அளவு டேப், ஸ்லேட், கேமரா இருந்தால் போதும்.

அறிகுறி: பவளம் வெள்ளையாக இருக்கிறது

நிறத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். வெள்ளை எங்கே முடிகிறது, எப்படி முடிகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

விளிம்பே இல்லை, நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகிறது என்றால், வெளிறலாக இருக்க வாய்ப்பு அதிகம். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் வெளியேறிவிட, சதை கண்ணாடிபோல் ஆகி அடியிலுள்ள சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. அந்தச் சமயத்தில் பவளம் உயிரோடுதான் இருக்கிறது. இதை உறுதி செய்ய ஒரு கையளவு தூரத்துக்குப் போய்ப் பாருங்கள். சதை இருந்தால் மேற்பரப்பில் ஒரு ஈரப் பளபளப்பு இருக்கும், குழிகளின் ஓரம் மழுங்கித் தெரியும், சில பாலிப்கள், அதாவது குழிகளில் வாழும் பவளச் சிற்றுயிர்கள், உணர்கொம்பை நீட்டியிருக்கும். சதை போய்விட்டால் ஒவ்வொரு குழியின் தடுப்புச் சுவரும் புதிதாகச் செதுக்கிய சாக்குக்கட்டிபோல் கூர்மையாகத் தெரியும். தொட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. கேமராவில் மேக்ரோவில் ஒரு படம் எடுத்தால் போதும்.

விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது, ஒரு பக்கம் நல்ல பழுப்பு, மறுபக்கம் வெறும் கூடு என்றால் அது வெளிறல் அல்ல. யாரோ தின்றிருக்கிறார்கள், அல்லது நோய். இதைப் பிரிப்பதுதான் சிரமம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வெள்ளை அடியிலிருந்து மேலே ஏறுகிறது, விளிம்பு கோணல்மாணலாக இருக்கிறது, பவளம் கிளைவிட்ட இனம் என்றால் முதலில் நத்தையைத் தேடுங்கள். ட்ரூப்பெல்லா என்ற இந்த நத்தை பகலில் கிளைகளின் அடியில் பதுங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றுகூடத் தெரியாது. பக்கவாட்டில் தாழ்ந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளைத் திட்டு கையகலத்துக்கு மேல் பெரிதாக, ஓரம் வளைந்து வளைந்து இருந்தால் முட்கிரீட நட்சத்திர மீன். இது வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளி, பவளத்தின் மேல் விரித்துச் சதையைக் கரைத்து உறிஞ்சுகிறது. அதனால்தான் தடம் அதன் உடல் அளவிலேயே இருக்கிறது. ஒன்றே ஒன்று ஒரு வருடத்தில் பத்து சதுர மீட்டர் வரை பவளத்தைத் தின்னும். பகலில் மேசைப் பவளத்தின் அடியிலோ இடுக்கிலோ ஒளிந்திருக்கும். புதிய வெள்ளைத் தடம் ஒன்றைக் கண்டால் சுற்றிலும் சில மீட்டர் தேடுங்கள், பெரும்பாலும் ஆள் அங்கேயே இருக்கும். முள்ளில் விஷம் உண்டு, கையால் புரட்ட வேண்டாம்.

வெள்ளை வெறும் மேற்பரப்பில் இல்லை, கூடே சுரண்டப்பட்டிருக்கிறது, இணைகோடுகளாகக் கீறல் இருக்கிறது என்றால் கிளிமீன். பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இவை எதுவும் இல்லாமல், வெள்ளைப் பட்டைக்குப் பின்னால் வெளிர்பச்சை, அதற்குப் பின்னால் அடர்ந்த பாசி என்று படிப்படியாக மாறினால் நோயைச் சந்தேகிக்கலாம். அந்த வரிசை ஒரு காலண்டர் மாதிரி. இறந்த கூட்டின் மேல் சில நாட்களில் மெல்லிய பச்சைப் படலம் வரும், சில வாரங்களில் இழைப்பாசி மெத்தைபோல் மூடும். பட்டை அகலமாக இருந்தால் வேகமாக நகர்கிறது. குறுகலாக இருந்தால் மெதுவாக நகர்கிறது, அல்லது நின்றேவிட்டது. ஆனால் தின்னும் உயிரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் இதே வரிசை வரும் என்பதை மறக்க வேண்டாம். ஒரே பார்வையில் தீர்ப்பு சொல்ல முடியாத இடம் இது.

அதற்கு ஒரே வழி திரும்பி வருவது. உயிருள்ள சதையைத் தொடாமல், வெள்ளைக்கும் பழைய பாசிக்கும் நடுவே இறந்த பகுதியில் ஒரு சிறு ஆணி அல்லது கேபிள் டை. ஒரு அளவுகோலோடு நேர்செங்குத்தாக ஒரு படம். மூன்று நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து அதே கோணத்தில் இன்னும் இரண்டு படம். விளிம்பு எல்லாப் பக்கமும் சீராக நகர்ந்திருந்தால் நோய் என்று எழுதலாம். திட்டுத் திட்டாகத் தாவியிருந்தால் தின்னி. நகரவே இல்லை என்றால் ஆறிப்போன பழைய காயம்.

இந்தத் தலைப்பிலேயே இரண்டு பொய் எச்சரிக்கைகள். அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தில் நுனி மட்டும் வெள்ளையாக இருந்தால் அது வளர்கிற நுனி. பாசி இன்னும் குடியேறவில்லை, அவ்வளவுதான், நல்ல செய்தி. இரண்டாவது, உருண்டைப் பவளத்தின் தலை மட்டும் தட்டையாக இறந்து, பக்கவாட்டில் வட்டமாக உயிர் இருந்தால், வற்று நேரத்தில் தலை வெளியே தெரிகிற உயரம் வரை அது வளர்ந்துவிட்டது என்று பொருள். நோயும் இல்லை, வெளிறலும் இல்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. சூடான மாதத்தில் ஒரு பவளம் நியான் நீலத்திலோ ஊதாவிலோ ஜொலிக்கிறது, எல்லாரும் ஓடிப்போய்ப் படம் எடுக்கிறார்கள். நுண்பாசியின் பழுப்பு போனதும் பவளத்தின் சொந்த நிறமிகள் வெளியே தெரிவதால் வருகிற அழகு அது. அதுவும் வெளிறல் கணக்கில்தான் வரும். "நலம்" என்று எழுதிவிடாதீர்கள்.

எவ்வளவு வெளிறியது என்பதை எண்ணாக்க வேண்டுமென்றால் கோரல்வாட்ச் நிற அட்டை போதும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது, 1 முதல் 6 வரை அடர்த்தி. ஒரே பவளத்தில் மிக வெளிர்ந்த இடத்துக்கு ஒன்று, மிக அடர்ந்த இடத்துக்கு ஒன்று என இரண்டு எண் எடுக்க வேண்டும். வளரும் நுனியை விட்டுவிடுங்கள். அதே பவளம் இரண்டு படி அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் அது உண்மையான மாற்றம். ஒரு படியை நான் நம்புவதில்லை. மேகம் வந்தாலே ஒரு படி மாறிவிடுகிறது.

அறிகுறி: வெளிறல்தான், ஆனால் வெப்பநிலை எண் அமைதியாக இருக்கிறது

முதலில் உங்கள் லாகரை, அதாவது நீருக்குள் கட்டிவைத்து வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவியை, சந்தேகியுங்கள். தரவை நாள்வாரியாக வரைந்து, ஒவ்வொரு நாளும் உச்சம் எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். ஆழமற்ற நீரில் அது பிற்பகலில் வர வேண்டும். உச்சம் காலை எட்டு மணிக்கோ நள்ளிரவிலோ வந்தால் கடலில் எதுவும் விசித்திரம் நடக்கவில்லை, லாகரின் கடிகாரம் உலக நேரத்தில் ஓடுகிறது. வற்று நேரங்களில் மட்டும் ஊசிபோல் எண் துள்ளினால் லாகர் காற்றுக்கு வெளியே வருகிறது. எண் எப்போதும் அரை டிகிரி தள்ளியே இருக்கிறதா? நன்னீர்ப் பனிக்கட்டியை நொறுக்கி, கொஞ்சம் நன்னீர் சேர்த்துக் குழைத்து, அதில் லாகரை மூழ்கவைத்து இருபது நிமிடம் விடுங்கள். சுழியம் காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலில் இறக்கும் முன் ஒருமுறை, எடுத்த பின் ஒருமுறை. கருப்பு உறை போட்ட லாகர் நேர் வெயிலில் இருந்தால் தண்ணீரைவிடக் கூடுதலாகக் காட்டும். நிழலுள்ள இடத்தில், நீரோட்டம் படும்படி கட்டுங்கள்.

செயற்கைக்கோள் எண்ணைப் பார்ப்பவர்களுக்கு வேறு சிக்கல். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் பவளப்பாறைக் கண்காணிப்புத் திட்டம் தருகிற வரைபடத்தில் ஒரு கட்டம் சுமார் 5 கிலோமீட்டர். அதுவும் இரவு நேர மேற்பரப்பு வெப்பம். உங்கள் ஒன்றரை மீட்டர் ஆழ மேடு பகலில் எவ்வளவு சூடாகிறது என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

அந்தத் திட்டம் சொல்லும் "வெப்பச்சுமை வாரம்" என்ற அளவையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். ஓர் இடத்தின் வழக்கமான மிகச் சூடான மாதத்தின் சராசரி 29 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளிறல் வாசல் அதற்கு ஒரு டிகிரி மேல், அதாவது 30. வாசலைத் தொட்ட வாரத்துக்குக் கணக்கு 29இலிருந்துதான். நான்கு வாரம் 30.5 இருந்தால் 1.5 பெருக்கல் 4, ஆக மொத்தம் 6. அதே நான்கு வாரம் 29.8 இருந்தால்? சுழியம். வாசலைத் தொடாத வாரம் கணக்கிலேயே வராது. கடைசி 12 வாரத்தைக் கூட்டி 4 வந்தால் குறிப்பிடத்தக்க வெளிறல், 8 வந்தால் கடும் வெளிறலும் இறப்பும் எதிர்பார்க்கலாம். 2023 வெப்பத்துக்குப் பின் பழைய எச்சரிக்கை நிலைகள் போதாமல் மேலே இன்னும் மூன்றைச் சேர்க்க வேண்டி வந்தது. உலகளாவிய நான்காவது வெளிறலை 2024 ஏப்ரலில் உறுதிசெய்தார்கள். அதற்கு முந்தைய மூன்றும் 1998, 2010, 2014 முதல் 2017 வரை.

எண்ணும் சரி, லாகரும் சரி, ஆனாலும் வெளிறியிருக்கிறது. அப்போது சூடு தவிர மற்றதைப் பாருங்கள். பெருமழைக்குப் பின் ஆற்று நீர் மேலடுக்கில் பரவினால், மேல் ஓரிரு மீட்டரில் இருக்கும் பவளம் மட்டும் வெளிறும், கீழே உள்ளது நன்றாக இருக்கும். அந்தக் கிடைக்கோடுதான் துப்பு. குளிரும் வெளிறச் செய்யும். 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவில் கடுங்குளிரால் கரையோரப் பவளங்கள் பெருமளவில் செத்தன. மேல்முகம் மட்டும் வெளிறி, மேசையின் அடிப்பக்கம் பழுப்பாகவே இருந்தால் வெளிச்சத்துக்கும் அதில் பங்கு உண்டு. காற்றே இல்லாத, கண்ணாடிபோல் நீர் நிற்கும் வாரங்களில் இப்படி நடக்கும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். வெளிறலைப் பதிவு செய்துவிட்டு அறிக்கை எழுதி முடித்துவிடுகிறவர்கள் அதிகம். வெளிறிய பவளம் சில வாரங்களிலோ மாதங்களிலோ நிறம் திரும்பலாம், சாகவும் செய்யலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே பவளங்களைப் பார்க்காத தரவு, நாடியைப் பிடித்துவிட்டு ஆள் பிழைத்தாரா என்று கேட்காமல் போவது மாதிரி.

அறிகுறி: கறுப்பாக ஏதோ படர்கிறது

கறுப்புப் பட்டை நோய் என்றால், நல்ல சதைக்கும் வெள்ளைக் கூட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கறுப்பு நூல்விரிப்பு இருக்கும். நீலப்பச்சைப் பாக்டீரியாவும் கந்தக பாக்டீரியாவும் கலந்த கூட்டம் அது. நாளுக்குச் சில மில்லிமீட்டர், வேகமெடுத்தால் ஒரு சென்டிமீட்டர் வரை நகரும். பட்டைக்குப் பின்னால் வெள்ளை இருக்கிறதா என்பதுதான் சோதனை.

வெள்ளையே இல்லாமல் கறுப்போ சாம்பலோ தோல்போல் பவளத்தின் மேல் ஏறி மூடுகிறது, உற்றுப் பார்த்தால் நட்சத்திரம்போல் கிளைத்த வாய்க்கால் கோடுகள் தெரிகின்றன என்றால் அது டெர்பியோஸ் என்ற கடற்பஞ்சு. நோய் இல்லை, இடப்போட்டி. பவளத்துக்கு முடிவு ஒன்றுதான் என்றாலும் பதிவேட்டில் இவை வெவ்வேறு கட்டத்தில் போக வேண்டும்.

இளஞ்சிவப்பைப் பற்றி இரண்டு வரி. போரைட்டீஸ் என்ற பவள இனம் எந்தக் காயத்துக்கும் சிவந்து வீங்கும். கிளிமீன் கடி, புழு, பாசி உரசல் எல்லாவற்றுக்கும் அதே இளஞ்சிவப்புதான். "சிவந்த எதிர்வினை" என்று எழுதுங்கள், "நோய்" என்று எழுதாதீர்கள். அதே இனம் அவ்வப்போது உடல் முழுக்கச் சளிப் படலம் போர்த்திக்கொண்டு சாம்பலாகத் தெரியும். வண்டலை வழித்துத் தள்ளுகிற அதன் வழக்கமான குளியல் அது. கையால் தண்ணீரை மெல்ல விசிறுங்கள். படலம் அசைந்து, அடியில் நல்ல நிறம் தெரிந்தால் அடுத்த பவளத்துக்குப் போகலாம்.

நோய் என்று உறுதியான இடம் இருந்தால் அன்றைய வரிசையில் அதைக் கடைசியாக வையுங்கள். 2014இல் மயாமிக்கு அருகே முதலில் கண்ட கற்பவளச் சதையிழப்பு நோய் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கி, ஃபுளோரிடாவிலிருந்து கரீபியன் முழுக்கப் பரவியது. அதற்குப் பின்தான் ஃபின், டேப், கையுறையைக் கிருமிநீக்கித் திரவத்தில் ஊறவைத்துக் கழுவுவது பலருக்கு வழக்கமானது. டேப்பின் ரீலுக்குள் தங்கும் ஈரத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள். முழுதாக இழுத்துவிட்டுக் கழுவுங்கள்.

அறிகுறி: பாசி ஏறிக்கொண்டே போகிறது

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பாசி கூடுதலாக வளர்கிறதா, இல்லை மேய ஆள் இல்லையா? "கழிவுநீர்தான்" என்று உடனே கைகாட்டுவது எல்லார்க்கும் வசதியாக இருக்கிறது. சில இடங்களில் அது சரியும்கூட. ஆனால் ஜமைக்காவின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல காலமாகத் தாவரம் தின்னும் மீன்களைப் பிடித்துத் தீர்த்தாகிவிட்டது. அந்த வேலையைக் கறுத்த நீள்முள் கடல் முள்ளெலிகள் செய்துகொண்டிருந்ததால் எதுவும் வெளியே தெரியவில்லை. 1980இல் ஒரு பெரும் சூறாவளி பவளத்தை நொறுக்கியது. 1983இல் முள்ளெலிகளுக்கு நோய் வந்து, கரீபியன் முழுக்க அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்தன. 1977இல் சுமார் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 3 சதவீதம் ஆனது. பாசி மட்டும் எண்ணியிருந்தால் அந்தப் பாறை 1983 வரை நலமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆகவே பாசியை எண்ணும் அதே கோட்டில் மேய்ப்பவர்களையும் எண்ணுங்கள்: கிளிமீன், அறுவைமீன், முள்ளெலி. பாசி இலைகளில் கடித்த பிறைத் தடம் இருக்கிறதா பாருங்கள். தடமே இல்லாமல் இலைகள் முழுசாக நின்றால் மேய்ச்சல் இல்லை. தண்ணீரை எடுத்துச் சோதித்து "நைட்ரேட் குறைவு" என்று வந்தால் அதைவைத்து யாரையும் விடுவித்துவிடாதீர்கள். பாசி அதை ஏற்கெனவே குடித்துவிட்டிருக்கும்.

இன்னொரு சிறு விஷயம், பருவம். பெரிய பழுப்புப் பாசிகள் ஒரு பருவத்தில் முழங்கால் உயரம் வளர்ந்து, அடுத்த பருவத்தில் காணாமல் போகும். சென்ற முறை போன மாதம் வேறு, இந்த முறை போன மாதம் வேறு என்றால் நீங்கள் அளந்தது காலண்டரை. பாறையில் இளஞ்சிவப்புப் பூச்சாக ஒட்டியிருக்கும் சுண்ணப்பாசியைப் "பாசி" என்ற கட்டத்தில் போட்டுவிட்டு அலறுகிறவர்களும் உண்டு. அது இருப்பது நல்லது. குட்டிப் பவளங்கள் தேடி வந்து ஒட்டுவது அதன் மேல்தான்.

அறிகுறி: பவளப் பரப்பு சென்ற முறை 34 சதவீதம், இந்த முறை 26

மின்னஞ்சல் அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

ரீஃப் செக் என்ற தன்னார்வக் கண்காணிப்புத் திட்டத்தின் முறையில், டேப்பில் நான்கு 20 மீட்டர் துண்டுகள், அரை மீட்டருக்கு ஒரு புள்ளி, மொத்தம் 160 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே இருப்பதை எழுத வேண்டும். 160 புள்ளியில் 34 சதவீதம் வந்தால், புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டாலே அது ஏழு சதவீதம் இப்படியோ அப்படியோ இருக்கலாம். 26க்கும் கிட்டத்தட்ட அதே தொய்வு. இரண்டையும் கழித்து வருகிற வித்தியாசத்துக்குத் தொய்வு சுமார் பத்து. நீங்கள் கண்டதோ எட்டு. உண்மையில் ஒரே பெரிய பவளத்தில் நான்கு புள்ளி விழுவதால் தொய்வு இன்னும் கூடும். பவளம் குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம், இந்தத் தரவுக்கு அது தெரியாது.

அடுத்து டேப். சென்ற முறை போட்ட அதே கோடா? ஜிபிஎஸ் கருவி சில மீட்டர் தள்ளிக் காட்டும். திட்டுத் திட்டாக இருக்கும் பாறையில் மூன்று மீட்டர் நகர்ந்தால் வேறு பாறை. இரண்டு முனையிலும் நடுவிலும் கம்பி அடித்து நிரந்தரமாக்கினால் பாதித் தலைவலி போய்விடும். கம்பி கிடைக்கவில்லையா, இரண்டு முனையிலிருந்தும் நான்கு திசையில் எடுத்த பழைய படங்களை லேமினேட் செய்து கையில் கொண்டுபோங்கள்.

அலையில் டேப் ஆடும்போது எந்தப் புள்ளியை எடுப்பது என்ற குழப்பத்தில்தான் மனம் விளையாடுகிறது. டேப் பவளத்துக்கும் மணலுக்கும் நடுவே ஊசலாடினால் கை தானாகப் பவளத்தை எழுதும், ஏனென்றால் நாம் பார்க்க வந்தது பவளத்தை. ஒரு நூலில் சிறிய நட்டு ஒன்றைக் கட்டி, குறிக்கு நேராக விட்டு, அது எங்கே தொடுகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். எடுப்பவர் மாறியிருந்தால் இருவரும் ஒரே டேப்பில் ஒரே நாளில் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுங்கள். என் அனுபவத்தில் சண்டை வருவது எப்போதும் ஒரே இடத்தில்: பாசி மூடிய இறந்த பவளம், "பாறை"யா "பாசி"யா? எதுவானாலும் சரி, ஆனால் எல்லாரும் எல்லா வருடமும் ஒன்றையே எழுத வேண்டும்.

அறிகுறி: மீன் எண்ணிக்கை தாறுமாறாக இருக்கிறது

தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 20 சென்டிமீட்டர் மீன் 27 போல் இருக்கும். எடை நீளத்தை மூன்று முறை பெருக்கிய அளவைப் பொறுத்தது என்பதால், இந்தச் சின்னத் தவறு எடைக் கணக்கில் இரண்டேகால் மடங்குக்கு மேல் போய் நிற்கும். புதியவரை நேரே எண்ண விடாமல், வெவ்வேறு நீளத்தில் வெட்டிய பிவிசி குழாய்த் துண்டுகளை நீருக்குள் கட்டிவிட்டு மதிப்பிடச் சொல்லுங்கள். அரை நாளில் கண் திருந்திவிடும், ஆனால் சில மாதம் கழித்து மறுபடி கெட்டுப்போகும்.

டேப் போட்டதும் எண்ண ஆரம்பித்தால் பயந்து ஓடிய மீன்கள் கணக்கில் வராது. பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுங்கியிருங்கள். ஈட்டியால் மீன் பிடிக்கிற இடத்தில் எவ்வளவு காத்திருந்தாலும் பெரிய மீன் உங்களைக் கண்டதும் விலகும். அங்கே "குறைவு" என்று வருவதில் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பின்னால் இருந்து உங்களை முந்திப் போகிற கூட்டத்தை எண்ணக் கூடாது.

அறிகுறி: படமெல்லாம் நீலம்

சிவப்பு முதல் சில மீட்டரிலேயே போய்விடுகிறது. அதே ஆழத்தில் வெள்ளை ஸ்லேட்டைக் காட்டி வெள்ளைச் சமன் எடுங்கள், ஆழம் மாறினால் திரும்ப எடுங்கள். படத்தை வைத்துத் தானாக வகைப்படுத்தும் மென்பொருள் மணலையும் வெளிறிய பவளத்தையும் ஒன்றாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு பங்கைக் கையால் சரிபார்க்காமல் விடுவதில்லை.

அறிகுறி: பெரிய பவளங்கள் நலம், குட்டிகள் இல்லை

எல்லா எண்ணும் அழகாக இருக்கிற பாறையில்தான் இது ஒளிந்திருக்கும். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவான பவளங்களைத் தனியாக எண்ணாவிட்டால், வயசானவர்கள் மட்டும் வாழும் ஊரைப் பார்த்து "மக்கள்தொகை நிலையாக உள்ளது" என்று எழுதிவிடுவீர்கள்.

எண்ணும்போது முதல் பிழை கண்ணில்தான். குட்டிகள் திறந்த மேற்பரப்பில் இருப்பதில்லை. விளிம்பின் அடியில், பாறை வெடிப்பில், சாய்ந்த பக்கங்களில் இருக்கும். அரை மீட்டர் சட்டத்தை வைத்துவிட்டு மேலிருந்து ஒரு பார்வை பார்த்தால் இரண்டு கிடைக்கிற இடத்தில், தலையைத் தாழ்த்தி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் ஏழு கிடைக்கும். இருட்டும் நேரத்தில் நீல விளக்கும், முகமூடிக்கு மேல் மஞ்சள் வடிகட்டியும் இருந்தால் இன்னும் எளிது. சோற்றுப் பருக்கை அளவுக் குட்டிகூடப் பச்சையாக ஒளிரும். எல்லா இனமும் ஒளிராது, அதனால் இரண்டு முறையின் எண்களையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

அப்படித் தேடியும் இல்லை என்றால், அவை ஒட்ட வேண்டிய தரையைப் பாருங்கள். உடைந்த கிளைகளின் குவியலா? ஒரு துண்டை விரலால் தள்ளுங்கள். உருண்டால், அதன் மேல் ஒட்டுகிற எந்தக் குட்டியும் அடுத்த பெரிய அலையில் கவிழ்ந்து நசுங்கும். தரை உறுதியாக இருந்தால் இழைப்பாசியை விரல்களால் விலக்குங்கள். புகைபோல் வண்டல் கிளம்புகிறதா? குட்டி ஒட்ட இடமில்லாமல் மூச்சடைத்துக் கிடக்கிற தரை அது. இரண்டும் இல்லை, இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி பரந்து சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் குட்டி இல்லை என்றால், ஸ்லேட்டில் அந்தச் சட்டத்தின் எண்ணுக்கு நேரே "தரை நன்று, குட்டி 0, டார்ச்சுடன் தேடியது" என்று முழுசாக எழுதி, சட்டத்தின் நான்கு மூலையும் தெரிய ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.